குழந்தை எங்கே தூங்குகிறது என்று கேளுங்கள்

இந்த வரி சீசனுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, ஜெர்சி சிட்டி, ஈஸ்ட் பிரன்ஸ்விக், டெக்சாஸில் ஆலன் என்று நம் மூன்று ஆபீசுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். வரிக் கணக்குப் போடும்போது கம்ப்யூட்டரில் எந்தப் பெட்டியில் எதைத் தட்ட வேண்டும் என்று ட்ரெயினிங்கில் சொல்லியிருப்பார்கள். அதில் என் மகள் கெட்டிக்காரி, சந்தேகம் வந்தால் அவளைக் கேளுங்கள். கம்ப்யூட்டரில் பெட்டியே இல்லாத விஷயங்கள் சில இருக்கின்றன. அவற்றுக்கு நான் இருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். விருதுநகரில் பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்தேன். மச்சான் ஸ்பான்சர் செய்து இங்கே வந்ததும் பெட்ரோல் பங்கில் குழாய் பிடித்தேன். நியூ ஜெர்சியில் இன்றைக்கும் அவரவர் காருக்கு அவரவர் பெட்ரோல் போட முடியாது. அந்தச் சட்டம் நன்றாக இருக்கட்டும், எனக்குச் சோறு போட்டது. பங்குக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசியே இங்கிலீஷ் கற்றேன். வரித்துறை வைக்கும் பரீட்சையை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். காலேஜ் முடித்தவர்களுக்கே மூச்சு வாங்கும் பரீட்சை அது. இரண்டு தடவை ஊற்றிக்கொண்டது, மூன்றாவது தடவை பாஸ். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலி நான் வாங்கிப் போட்டது. பெருமைப்படுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

போன வாரம் மீட்டிங்கில் உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டை 'ஃப்ரீ மணி' என்று சொன்னதைக் கேட்டேன். வீடியோவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன், நான் இருப்பது உங்களுக்குத் தெரியாது. அந்தப் பேச்சுக்குத்தான் இந்தப் பதில்.

குழந்தை உள்ள குடும்பத்துக்கு, கட்ட வேண்டிய வரியில் அரசாங்கம் கழித்துத் தருவது அந்த கிரெடிட். கழிக்கிற அளவுக்கு வரியே இல்லாத ஏழைக் குடும்பமாக இருந்தால், மிச்சத்தில் ஒரு பங்கைக் கையிலேயே தந்துவிடுவார்கள். நம்மிடம் வருகிற பேங்க் ஐ.டி. கான்ட்ராக்டருக்கு அது ரீஃபண்டில் ஒரு வரி. பார்த்துவிட்டு கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேசுவார். ஓட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்கிறவனுக்கு அதே தொகை, குளிர்காலத்தில் ஹீட்டர் எரிவதற்கும் எரியாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஒரே பெட்டியில் ஒரே எண்ணைத்தான் தட்டுவீர்கள். எந்த வீட்டுக்காகத் தட்டுகிறீர்கள் என்ற நினைப்பு இருக்கட்டும்.

இந்த கிரெடிட்டுக்கு முக்கியமான நிபந்தனை, குழந்தை வருடத்தில் பாதிக்கு மேல் பெற்றவர்களோடு வசித்திருக்க வேண்டும் என்பது. நீங்கள் எல்லாரும் கஸ்டமரிடம் "டிபென்டென்ட் உங்களோட ரிசைட் பண்றாங்களா?" என்று கேட்கிறீர்கள். எல்லாரும் "எஸ்" என்றுதான் சொல்வார்கள். நான் அப்படிக் கேட்பதில்லை. "குழந்தை எங்கே தூங்குது?" என்று கேட்பேன். இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பொய் சொல்வது கஷ்டம். என் கண்டுபிடிப்பு இது. காப்பிரைட் வாங்காமல் விட்டுவிட்டேன்.

நம் ஆட்களிடம் இதை அவசியம் கேட்க வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இங்கே குழந்தை பிறக்கும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போக வேண்டும். டேகேர் கட்டணம் வீட்டு வாடகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உடனே குழந்தையை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். தாத்தா பாட்டி ஒரு வருடமோ இரண்டு வருடமோ வளர்த்து, நடக்கவும் பேசவும் தெரிந்தபின் திருப்பி அனுப்புவார்கள். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பெரிய வீட்டுக்காரர்களே செய்கிறார்கள். அப்படி ஒரு தம்பதி, இரண்டு பேரும் மருந்துக் கம்பெனியில் நல்ல வேலை, என் முன்னால் உட்கார்ந்தார்கள். பெண் குழந்தை எங்கே தூங்குது என்றேன். "கோயம்புத்தூர்ல" என்று அந்த அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டார். புருஷன் சிரித்தார். "அங்கிள், அவ அமெரிக்கன் சிட்டிசன், சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இருக்கு, இவ்வளவு ஸ்ட்ரிக்ட்டா இருக்கணுமா?" வருடம் முழுக்கக் கோயம்புத்தூரில் தூங்கிய குழந்தைக்கு நான் கிரெடிட் போட மாட்டேன் என்றேன். வேறு ஆளிடம் போனார்கள். இரண்டு வருடம் கழித்து வரித்துறை கேள்வி கேட்டபோது என்னிடமே திரும்பி வந்தார்கள். சிரிப்பைக் காணோம். இந்த மாதிரி கதை என்னிடம் நிறைய இருக்கிறது. நான் சொல்ல வந்தது செல்வத்தின் கதை.

பெருந்தொற்று வந்த அடுத்த வருடம் இந்த கிரெடிட்டைப் பெரிதாக்கினார்கள். அது மட்டுமா, அதில் பாதியை வருடக் கடைசிவரை காக்கவைக்காமல் ஜூலையிலிருந்து டிசம்பர்வரை மாதாமாதம் பேங்க்கிலேயே போட்டார்கள். சம்பாத்தியமே இல்லாத வீட்டுக்கும் முழுசாகத் தந்தார்கள். அந்த வருடம் இந்த நாட்டில் ஏழைக் குழந்தைகள் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது என்று பிறகு கணக்கெடுத்துச் சொன்னார்கள். எனக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. ஜெர்சி சிட்டி ஆபீசில் என் மேஜைக்கு எதிரிலேயே பார்த்தேன். வாடகை பாக்கியில்லாமல் வந்தவர்களைப் பார்த்தேன். "பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம் அங்கிள்" என்று பையன் வாயைத் திறந்து காட்டிய அம்மாவைப் பார்த்தேன். அடுத்த வருடம் அதை நிறுத்தியதும் அதே முகங்கள் எப்படித் திரும்பி வந்தன என்பதையும் பார்த்தேன்.

அந்த மாதாந்திரப் பணம் நின்ற அடுத்த மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், செல்வம் வந்தான். திண்டுக்கல் பக்கத்து ஆள். ஜர்னல் ஸ்கொயர் பக்கம் ஒரு நம்ம ஊர் ஓட்டலில் சமையல்காரன். மனைவி தேன்மொழி பலசரக்குக் கடையில் காய்கறி பாக்கெட் போடுகிறாள். அவளுடைய அக்கா ஸ்பான்சர் செய்து, பல வருடம் காத்திருந்து கிரீன் கார்டில் வந்தவர்கள். மூத்த பெண் ஊரில் பிறந்தவள், அன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். இரண்டாவது பையன் இங்கே பிறந்தவன், எட்டு மாதம். தேன்மொழியின் தோளில் அவன் இருந்தான். உள்ளே வந்ததிலிருந்து என் மேஜையில் இருந்த ஸ்டேப்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், ரெண்டு வேலை" என்றான் செல்வம். "ஒண்ணு நோட்டரி. இன்னொண்ணு, கவர்மென்ட்டுக்குக் கொஞ்சம் பணம் திருப்பிக் கட்டணும்."

என் சர்வீசில் அரசாங்கத்திடமிருந்து வாங்கித் தரச் சொல்லி வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். திருப்பிக் கட்ட வேண்டும் என்று தானாக வந்த முதல் ஆள் இவன்.

"எதுக்குக் கட்டணும் தம்பி?"

"தப்பா வந்துருச்சு சார். பய பொறந்த மாசத்துலருந்து வந்துச்சு. மாசா மாசம். என்னமோ இங்கிலீஷ் எழுத்து போட்டிருந்துச்சு, ஒண்ணும் வெளங்கல. ஆஸ்பத்திரிக்காரன் மாத்திப் போட்டுட்டானோன்னு மொதல்ல நெனச்சேன். அப்பறம் ஓட்டல்ல ஒருத்தர் சொன்னாரு, அது கவர்மென்ட் பணம், தொட்டா வட்டியோட கேப்பான், சிட்டிசன்ஷிப் அப்ளை பண்றப்ப கட்டம் கட்டுவான்னு. ஒரு பைசா தொடல சார். அப்படியே கெடக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. மூத்த பெண்ணுக்காக வந்த மாதாந்திர கிரெடிட் அது. முந்தின வருடம் ஓட்டல் முதலாளியின் ஆடிட்டர் கணக்குப் போட்டிருக்கிறார். அதிலிருந்த பேங்க் எண்ணை வைத்து வரித்துறை தானாகப் போட்டிருக்கிறது. இவன் அதைப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டு அரை வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறான்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். இது முக்கியம், கவனியுங்கள். ஒரு ஆள் இரண்டு வேலை என்று சொன்னால், இரண்டையும் கேட்டபிறகுதான் முதல் வேலைக்குப் பதில் சொல்ல வேண்டும். சொன்ன வரிசை அவர்களுடையது. எது அவசரம் என்று கண்டுபிடிப்பது நம் பொறுப்பு.

"நோட்டரி எதுக்கு?"

அவன் ஒரு தாளை நீட்டினான். எங்கள் மகனைத் திருமதி இன்னாரோடு சென்னைக்கு அனுப்பச் சம்மதிக்கிறோம் என்று இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. கீழே அப்பா, அம்மா இரண்டு பேர் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தது. பெற்றவர்கள் இல்லாமல் குழந்தை பிளேன் ஏறினால் இப்படி ஒரு கடிதம் கேட்பார்கள்.

"யாரும்மா இந்த அம்மா?" என்று தேன்மொழியைக் கேட்டேன்.

"எங்க பில்டிங்தான் அங்கிள். திருச்சிக்காரங்க. மகன் வீட்டுக்கு வந்திருக்காங்க, அந்தண்ணன் பேங்க்ல ஐ.டி. வேலை. நான் ஷிஃப்ட்டுக்குப் போறப்ப ஆன்ட்டிதான் இவன பாத்துக்குவாங்க. ஞாயித்துக்கெழம ஊருக்குத் திரும்பறாங்க."

"அவங்க போயிட்டா இவனப் பாக்க ஆள் இல்ல" என்றான் செல்வம். "அவங்களே சொன்னாங்க, நானே தூக்கிட்டுப் போறேன், சென்னைல வந்து வாங்கிக்கங்கன்னு. மாமனார் ஏர்போர்ட்டுக்கு வந்துருவாரு. பாஸ்போர்ட், விசா எல்லாம் ரெடி."

என் கேள்வியை அப்போதுதான் கேட்டேன். வரிக் கணக்குக்கும் அது தேவை. ஆனால் கணக்குக்காக மட்டும் கேட்டேன் என்று சொன்னால் பொய்.

"இவன் எங்க தூங்குறான்?"

செல்வம் வாயைத் திறப்பதற்குள் தேன்மொழி சொன்னாள். "இப்ப எம் பக்கத்துல. ஞாயித்துக்கெழமைலருந்து எங்கம்மா பக்கத்துல." குரல் ஒன்றும் உடையவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது மாதிரி சொன்னாள். அவள் கை மட்டும் பையனின் காலுறையை இழுத்து இழுத்து மேலே விட்டுக்கொண்டிருந்தது. அது நழுவவே இல்லை.

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? உங்களில் பாதிப் பேர் சீல் அடித்துக் கொடுத்து நோட்டரிக் கட்டணம் வாங்கியிருப்பீர்கள். மீதிப் பேர் "குழந்தையை அனுப்பாதீங்க" என்று புத்தி சொல்லியிருப்பீர்கள். இரண்டும் தப்பு. அவர்கள் குழந்தையை அவர்கள் எங்கே அனுப்பினாலும் நமக்குப் பேச்சில்லை. ஆனால் தெரிய வேண்டியது தெரியாமல் அனுப்பினால், அதில் நமக்கும் பங்கு உண்டு.

"தம்பி, கேட்டுக்க" என்றேன். "அந்தப் பணம் தப்பா வரல. ஒம் மகளுக்கு வந்தது. பிள்ளை வச்சிருக்கிற குடும்பத்துக்கு வரியில தர்ற பணம், போன வருஷம் பாதிய முன்னாடியே போட்டுட்டாங்க. நீ திருப்பிக் கட்டறதுக்கு ஒண்ணும் இல்ல."

"இல்ல சார். நா யார்கிட்டயும் கை நீட்டி வாங்குனதில்ல."

"நீ எங்க நீட்டுன? ஒம் மக பேருக்கு வந்தத திருப்பி அனுப்ப நீ யாரு?"

அவனுக்குச் சுருக்கென்று பட்டது. தேன்மொழி உதட்டைக் கடித்துக்கொண்டாள், சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. என் பேச்சில் இந்த மாதிரி ஒரு அடி எப்போதும் கையிருப்பில் இருக்கும். எல்லாரிடமும் எடுக்கக் கூடாது. ரோஷக்காரனிடம் எடுக்கலாம், அவனுக்கு இரக்கம் காட்டினால்தான் கோபம் வரும்.

"சிட்டிசன்ஷிப்?" என்றான்.

"இது வரிச் சட்டத்துல இருக்கிற கிரெடிட். உதவித் தொகைன்னு ஒன் பேர எங்கயும் எழுத மாட்டான். நீ ஓட்டல்ல அடுப்பு முன்னால நின்ன சம்பளத்துல சோஷியல் செக்யூரிட்டி புடிக்கிறான்ல? கடைக்குப் போனா சேல்ஸ் டாக்ஸ் கட்டுறல்ல? அதே கவர்மென்ட்தான். ஒழுங்கா கணக்குப் போட்டு வாங்குனா ஒருத்தனும் ஒன்ன ஒண்ணும் கேக்க மாட்டான். எழுதியே குடுக்குறேன், என் லைசென்ஸ் நம்பர் போட்டு."

அவன் சேரில் சாய்ந்தான். அப்புறம் நான் சொன்னதுதான் பெரிய விஷயம். மகளுக்கு மிச்சப் பாதி ரீஃபண்டில் வர வேண்டியிருக்கிறது. பையன் அந்த வருடம்தான் பிறந்தவன், அவன் பிறந்ததே வரித்துறைக்குத் தெரியாது, அதனால் அவனுக்கு மாதாமாதம் ஒன்றும் வந்திருக்காது. அவனுக்கு முழுசும் இனிமேல்தான் வர வேண்டும். வருட நடுவில் பிறந்த குழந்தை வருடம் முழுக்க வீட்டில் இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஸ்க்ரீனைத் திருப்பி அவர்களுக்குக் காட்டினேன். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது எங்களுக்கா?" என்றாள் தேன்மொழி.

"ஆமாம்மா. ரீஃபண்ட் வர ரெண்டு மூணு வாரம் ஆகும். ஆனா பேங்க்ல கெடக்குறது இன்னைக்கே ஒங்க பணம்."

அப்போது அவள் செல்வத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினாள். "எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு பஞ்சாபி அம்மா வீட்டுலயே டேகேர் வச்சிருக்காங்க. லைசென்ஸ் எல்லாம் இருக்கு. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன் அங்கிள். சுத்தமா இருக்கு. பெரிய டேகேர் மாதிரி வாங்கல. ஒரு இடம் இருக்குன்னாங்க."

செல்வம் திரும்பினான். "எப்ப போன?"

"போன வாரம். பிரேக்ல."

"எங்கிட்ட சொல்லவே இல்ல."

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க?"

"காசு எங்கன்னு கேட்டிருப்பேன்."

"அதான் சொல்லல."

புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஒரு பேச்சு தொடங்கிவிட்டால் நீங்கள் ஏதாவது ஒரு வேலையைப் பார்க்கத் தொடங்க வேண்டும். நான் பிரிண்டரில் பேப்பர் அடுக்கினேன். அதில் ஏற்கெனவே பேப்பர் இருந்தது.

தேன்மொழிதான் அடுத்த கேள்வியைக் கேட்டாள். என் முழு சர்வீசிலும் அதைவிடக் கஷ்டமான கேள்வியை நான் சந்தித்ததில்லை. "இனிமேயும் மாசா மாசம் வருமா அங்கிள்? வந்தா அவங்களுக்கு அப்படியே குடுத்துரலாம்."

அவள் முகத்தில் எல்லாம் தயாராக இருந்தது. நான் 'வரும்மா' என்று ஒரு சொல் சொன்னால் போதும், குழந்தை பிளேன் ஏறாது. அந்த சமயம் மறுபடி தொடங்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு இருந்தது. எதிர்க்கடையில் வரிக் கணக்குப் போடும் ஆள் கஸ்டமர்களிடம் "கட்டாயம் வரும்" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சொல்லியிருக்கலாம். நல்ல காரியத்துக்குத்தானே என்று மனசு சொன்னது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி இந்த நாற்காலிக்கு நான் வரவில்லை.

"வராதும்மா. டிசம்பரோட நிறுத்திட்டாங்க. திரும்பக் குடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. அத நம்பி எதுவும் செய்யாதீங்க."

"பாத்தியா" என்றான் செல்வம். அவன் குரலில் வெற்றி இல்லை. அவனுமே ஒரு நிமிடம் நம்பியிருந்தான்.

"நான் இன்னும் முடிக்கல" என்றேன். "வராததச் சொல்லிட்டேன். இருக்கிறதச் சொல்றேன். பேங்க்ல கெடக்குறது இருக்கு. ரீஃபண்ட் வருது. ரெண்டையும் சேத்து அந்தப் பஞ்சாபி அம்மாவுக்குக் குடுத்தா, சிக்கனமா இருந்தா, பய ஓடற வரைக்கும் தாங்கும். அடுத்த வருஷம் கிரெடிட் சின்னதாகும், ஆனா இருக்கும். ஒங்க சம்பளத்துக்கு அதுவும் பெருசுதான். ஒரு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்கங்க. பய வருஷம் பூரா திண்டுக்கல்ல தூங்குனா அவனுக்கு அது கெடையாது. நான் போட மாட்டேன். எவனாவது போட்டுத் தரேன்னு சொன்னா அவன்கிட்ட போகாதீங்க. அனுப்புறது உங்க இஷ்டம். அனுப்புனா செலவு மிச்சம், கிரெடிட் போயிரும். வச்சிருந்தா செலவு, கிரெடிட் உண்டு. ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

செல்வம் தாளை என் பக்கம் தள்ளினான். "சீல் அடிச்சுருங்க சார். டிக்கெட் போட்டாச்சு. எல்லாரும் அனுப்புறதுதான, ஐ.டி.காரங்களே அனுப்புறாங்க. எங்கம்மா என்ன வளத்தாங்களா? எங்க சித்திதான் வளத்துச்சு. நா நல்லாத்தான இருக்கேன்?"

பையன் தேன்மொழியின் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான்.

டிராயரிலிருந்து சீலை எடுத்து மேஜை நடுவில் வைத்தேன். "இந்தா இருக்கு. ரெண்டு பேரும் ஐ.டி. கார்டு எடுங்க. எங்கண்ணு முன்னால கையெழுத்துப் போடுங்க."

செல்வம் டிரைவிங் லைசென்ஸை எடுத்து வைத்தான். கையெழுத்தும் போட்டான். தேன்மொழியின் ஹேண்ட்பேக் மடியில் இருந்தது. ஜிப்பைத் திறக்கவில்லை. நான் காத்திருந்தேன். அவனும் காத்திருந்தான். வெளியே பஸ் ஒன்று நின்று, கதவு திறந்து, மூடிப் போனது.

"எடு தேனு" என்றான் மெதுவாக.

"கை ஃப்ரீயா இல்ல" என்றாள்.

பையனை அவனிடம் கொடுத்திருக்கலாம். அவன் கையை நீட்டவும் செய்தான். அவள் கொடுக்கவில்லை.

நோட்டரி வேலையில் ஒரு விதி உண்டு. கையெழுத்துப் போடுகிறவர் சொந்த விருப்பத்தில் போடுகிறாரா என்று பார்ப்பது நம் பொறுப்பு. நிறையப் பேருக்கு அது ஞாபகமே இருக்காது. எனக்கு அன்றைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "இன்னிக்கு வேண்டாம்" என்றேன். "ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ப் பேசுங்க. நாளைக்கு சனிக்கிழமை, நான் இங்கதான் இருப்பேன். ரெண்டு பேரும் வந்து போட்டா அடுத்த நிமிஷம் அடிச்சுத் தரேன். வரலைன்னா நான் எதுவும் கேக்க மாட்டேன். வரிக் கணக்கு திங்கக்கிழமை வந்து முடிச்சுக்கலாம்."

செல்வம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வாசல்வரை போய்த் திரும்பி, "நோட்டரிக்கு எவ்வளவு சார்?" என்றான். அடிக்காத சீலுக்கு யாராவது காசு வாங்குவார்களா, போய்யா என்றேன்.

சனிக்கிழமை கூட்டம் நெரிந்தது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் தலையைத் தூக்கினேன். அவர்கள் வரவில்லை. மத்தியானம் ஒரு ஃபோன். ஆன்ட்டியின் மகன்.

"அங்கிள், செல்வம் பையனோட லெட்டர் ரெடியா? அம்மா நாளைக்கு ஃப்ளைட். அவங்ககிட்ட கேட்டா ஒண்ணும் சரியா சொல்ல மாட்டேங்கறாங்க. அம்மா இங்க டயப்பர், பால் பவுடர் எல்லாம் பேக் பண்ணிட்டு உக்காந்திருக்காங்க."

"அவங்களத்தான் தம்பி கேக்கணும்."

"நீங்கதான் ஏதோ டிலே பண்றீங்கன்னு செல்வம் சொல்றாரே."

"அப்ப செல்வம் சொல்றதையே வச்சுக்கங்க" என்று ஃபோனை வைத்துவிட்டேன். செல்வம் தன் மனைவியை விட்டுக்கொடுக்காமல் பழியை என் மேல் போட்டிருக்கிறான். எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை, எத்தனையோ பேர் என் மேல் போட்டிருக்கிறார்கள். நல்ல அறிகுறியாகக்கூட எடுத்துக்கொண்டேன். ஆனால் நிச்சயமில்லை. பேங்க்கிலேயே நோட்டரி உண்டு. சும்மாவே அடித்துக் கொடுப்பார்கள். நான் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஃபோன் கையிலேயேதான் இருந்தது. கூப்பிடவில்லை. நீங்களும் கூப்பிடாதீர்கள். கஸ்டமரிடம் உண்மையைச் சொல்வதோடு நம் வேலை முடிகிறது. அதற்கப்புறம் அவர்களைத் துரத்தினால், தாங்கள் எடுத்த முடிவுக்கு நம்மிடம் காரணம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தேன். யார் ஜெயித்தார்கள் என்று சாயங்காலம் என் மருமகன் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் செல்வம் வந்தான். தனியாக. ஓட்டலுக்குப் போகிற வழியில் வந்திருக்கிறான், சட்டையில் சாம்பார்ப் பொடி வாசனை. அவனுக்குப் பின்னால் கதவு மூடியது. வேறு யாரும் வரவில்லை.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எதிரில் உட்கார்ந்து, கணக்கை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். தன் பெயர், மகள் பெயர், பையன் பெயர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான்.

"ஜாயின்ட் ரிட்டர்ன் தம்பி. ஒன் வொய்ஃப் கையெழுத்தும் வேணுமே."

"தெரியும் சார்." கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தான். "நீங்க ஒரு நிமிஷம் வெளிய வர முடியுமா? பழைய கரோலா கார், தீயணைப்புத் தண்ணிக் குழா பக்கத்துல நிறுத்தியிருக்கு, போலீஸ் வந்தா ஃபைன் போட்டுருவான். அவ உள்ளதான் இருக்கா. ராத்திரி பூரா அழுதான், இப்பத்தான் கண்ண மூடுனான். தூக்குனா முழிச்சுக்குவான்னு எறங்க மாட்டேங்கறா."

கோட் போடாமலே வெளியே போனேன். மார்ச் மாதக் காற்று, ஜெர்சி சிட்டியில் அது எலும்பு வரை போகும். பின் சீட்டில் தேன்மொழி கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் கார் சீட்டில் பையன் வாயைத் திறந்துகொண்டு கிடந்தான். ஒரு காலில் காலுறை இல்லை. கணக்கைச் செருகிய பேடையும் பேனாவையும் அந்த இடுக்கு வழியாகக் கொடுத்தேன். அவள் முழங்காலில் வைத்து, சத்தம் வராமல், கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றைக்கு நான் அந்தக் கேள்வியைக் கேட்காமலே கணக்கை முடித்தேன்.